எண் எழுதிய தூண்கள்

கூடுவாஞ்சேரியில் ஓர் ஓட்டு வீட்டை இடிக்க அரை நாள் போதும். காலையில் ஜேசிபி வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஓடு, கைமரம், சுவர் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். பழைய மரச் சாமான் வாங்குகிறவர் அதற்கு முந்தைய நாளே வந்து நிலை, கதவு, ஜன்னல், தேறுகிற தூண்கள் ஆகியவற்றைக் கழற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் போயிருப்பார். நந்திவரத்திலும் ஊரப்பாக்கத்திலும் ஜிஎஸ்டி சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே நடந்தால், திண்ணையும் மரத்தூணுமாக நின்ற வீடுகள் எவ்வளவு வேகமாகக் குறைந்துவருகின்றன என்பது தெரியும்.

கழற்றிய தூண் நல்ல விலைக்குப் போகிறது, வீணாகவில்லை என்று நாம் சமாதானப்பட்டுக்கொள்கிறோம். மரம் பிழைத்தது உண்மைதான். வீடு பிழைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் மிகச் சிறியது: ஒவ்வொரு கட்டையின் மேலும் எழுதியிருக்க வேண்டிய ஓர் எண்.

அந்த எண்ணின் அருமையைக் கண்ணால் காண வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் போய், கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே திரும்ப வேண்டும். முட்டுக்காட்டில் பத்து ஏக்கரில் விரிந்திருக்கிறது தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. லாரி பேக்கர் ஆரம்பத் திட்டம் வரைந்தார். அவருடைய வழியில் வந்த பென்னி குரியகோஸ் கட்டுமானத்தை எடுத்துச் செய்தார். அங்கே நிற்கும் வீடுகளில் பல, முட்டுக்காட்டில் பிறந்தவை அல்ல. கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியில் 1850-ல் எழுந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் மரத்தாலேயே ஆன திருவனந்தபுரத்து வீடு ஒன்று இருக்கிறது. இடிக்கப்படவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பக்குவமாகப் பிரித்து, உறுப்புகளுக்கு எண் போட்டு, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களையே வரவழைத்துத் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

பூட்டியிருக்கிறார்கள் என்பதை நன்றாக யோசித்துப் பாருங்கள். சிமெண்டில் வார்த்த அடுக்குமாடிக் கட்டடத்தை இப்படிப் பிரித்துக்கொண்டு போய் வேறிடத்தில் நிறுத்த முடியாது. சிமெண்டும் நீரும் சேர்ந்து இறுகுவது திரும்பி வராத வேதிவினை. உடைத்தால் ஜல்லிதான் மிஞ்சும். மர வீட்டின் கதை வேறு. உத்தரத்தின் முனையைக் குடுமியாகச் செதுக்கி, தூணின் தலையில் வெட்டிய துளைக்குள் இறக்குகிறார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தைக் குறுக்கே துளைத்து மர ஆணி ஒன்றை அடிக்கிறார்கள். பின்னொரு நாள் அந்த ஆணியை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டி வெளியே தள்ளினால் உத்தரம் விடுபட்டுவிடும். பழைய தச்சர்கள் ஒரு வீட்டைக் கட்டும்போதே அதைப் பிரிக்கும் வழியையும் உள்ளே வைத்தே கட்டினார்கள்.

இரும்பு கிடைக்காததால் இப்படிச் செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மரத்தின் சுபாவம் இதைக் கேட்கிறது. வெட்டி, அறுத்து, உலர்த்தி, இழைத்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தைக் குடித்தும் உமிழ்ந்தும் கொண்டே இருக்கிறது. அதன் உலர் எடையில் சுமார் 30 சதவீதம் வரையிலான ஈரம் செல்களின் சுவருக்குள்ளேயே தங்குகிறது. அந்த அளவுக்குள் ஈரம் கூடினால் மரம் உப்பும், குறைந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுப் பின்கட்டுக் கதவு இறுகிக்கொள்வதும் சித்திரையில் தானாகத் தளர்வதும் இதனால்தான். இதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசைவதே இல்லை. குறுக்குவாக்கில் அசைகிறது, அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் அசைவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையைவிடச் சுமார் இரண்டு மடங்கு. எந்தக் கட்டையின் எந்த முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தச்சர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

இந்த அசைவுக்கு நடுவே இரும்பாணியை அடித்தால் என்ன ஆகும்? மரம் அசையும்போது ஆணி அசையாது. ஆணியைச் சுற்றி மரம் நசுங்கித் துளை அகலும். ஈரம் பட்டு இரும்பு துருப்பிடித்தால் துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், மரம் பிளக்கும். கடற்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மர ஆணிக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. கூடவே உப்பி, கூடவே சுருங்கும். நிலநடுக்கத்தில் இன்னொரு லாபமும் உண்டு. குலுங்கும்போது இணைப்புகள் ஒன்றோடொன்று உரசி, இலேசாக நசுங்கி, அதிர்வின் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன.

பெருங்களத்தூர் தாண்டி இருக்கும் ஒரு பழைய மரக் கடையில் ஒரு நாள் கீழே கிடத்தியிருந்த நிலை ஒன்றைக் குனிந்து பார்த்தேன். நெடுங்காலின் தலைப்பகுதியில், சுவருக்குள் மறைந்திருக்க வேண்டிய முகத்தில், உளியால் வெட்டிய மூன்று கோடுகள். அதோடு சேரும் குறுக்குச் சட்டத்தின் முனையிலும் அதே மூன்று கோடுகள். நெல்மணி அளவுதான் ஒவ்வொன்றும்; நடுவில் ஆழம், ஓரத்தில் மெல்லிசு. ஒரே அடியில் வெட்டிய வெட்டு.

“அண்ணா, இது என்ன வெட்டு? பின்னாடி யாராவது கொத்தினதா?”

“இல்ல சார், கட்டின ஆசாரியே போட்ட அடையாளம். எந்தக் கால் எந்தத் தலையில சேரணும்னு தெரியணும்ல? நாலு நிலைய ஒண்ணா இழைச்சுப் போட்டா மாறிப் போயிடும். மாறிட்டா பூட்டாது.”

மாறிவிட்டால் பூட்டாது என்று அவர் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. கையால் வெட்டிய துளை ஒவ்வொன்றும் அதற்கென்று செதுக்கிய ஒரே ஒரு குடுமியைத்தான் ஏற்றுக்கொள்ளும். பக்கத்து வீட்டுத் தூண் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் அதில் இந்த உத்தரம் உட்காராது. ஆகவே தச்சர்களுக்கு அடையாளம் போடுவது தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது.

ஜப்பானியர்கள் இந்த வழக்கத்தைப் பழைய கட்டடங்களைக் காக்கும் முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். அங்கே தச்சர் வீட்டின் தரைப்படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு திசைக்கு எழுத்தும் மறு திசைக்கு எண்ணும் கொடுப்பார். தூணின் உடம்பில் மையால் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் எழுதிவிட்டால், நூறு தூண் இருந்தாலும் எது எங்கே நிற்க வேண்டும் என்பதில் சந்தேகம் வராது. நாரா நகரத்துக்கு அருகில் உள்ள ஹோர்யூஜி கோயிலுக்கு இந்த வழக்கம் எவ்வளவு கைகொடுத்தது என்று பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. இன்று உலகில் நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவை அங்கேதான் இருக்கின்றன. ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணை ஆண்டு வளையங்களை எண்ணி ஆராய்ந்தபோது, அந்த மரம் கி.பி. 594-ல் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. நம் பக்கம் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைந்த காலத்துக்கு ஏறக்குறைய ஒட்டிய மரம் அது. மரம், செங்கல், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் எழுப்பினேன் என்று மகேந்திரன் கல்வெட்டில் பெருமையோடு பொறித்தான். மரம் நிலைக்காது என்பது அப்போதைய எண்ணமாக இருந்திருக்கலாம். ஹோர்யூஜி தச்சர்களோ நிலைக்கவைக்கும் வழியைக் கண்டார்கள்.

1934-ல் அந்தக் கோயிலில் பெரிய பழுதுபார்ப்பு தொடங்கியது. ஒவ்வொரு கட்டடமாக அவிழ்த்து, கெட்டதை மாற்றி, திரும்பப் பூட்டுகிற வேலை; பல பத்தாண்டுகள் நீண்டது. 1949 ஜனவரி 26 அதிகாலையில் பொற்கூடம் என்னும் பிரதான மண்டபத்தில் தீப்பிடித்தது. உள்சுவர்களில் இருந்த புகழ்பெற்ற பழைய ஓவியங்கள் கருகிப்போயின. ஆனால் மேல்தளம் தப்பியது. காரணம், பழுதுபார்ப்புக்காக அதை ஏற்கெனவே பிரித்து வேறிடத்தில் வைத்திருந்தார்கள். பிரித்து வைத்ததாலேயே பிழைத்த கட்டடம் அது. அந்தத் தீயின் அதிர்ச்சியில்தான் ஜப்பானின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் 1950-ல் பிறந்தது. நமக்குக் குடியரசு நாளான ஜனவரி 26, அவர்களுக்குப் பழம்பொருட்களைத் தீயிலிருந்து காக்கும் நாள்.

ஹோர்யூஜி வேலையில் மூத்த தச்சராக இருந்தவர் நிஷியோகா ட்ஸுனேகாஸு. 1908-ல் பிறந்தவர், தலைமுறை தலைமுறையாக அந்தக் கோயிலுக்கே உளி பிடித்த குடும்பம். 1,300 வருஷத்து ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் மேற்பரப்பை மெல்லச் சீவினால் இன்றும் புது மரத்தின் வாசனை எழுகிறது என்று அவர் வியந்து சொல்லியிருக்கிறார். மலையின் தென்சரிவில் வளர்ந்த மரத்தைக் கட்டடத்தின் தென்புறத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது அவர் பாட்டனாரிடம் கற்ற பாடம். பழைய ஹினோகித் தூண்களை அழுத்தியும் வளைத்தும் சோதித்த கோஹாரா ஜிரோ என்னும் ஆய்வாளர், வெட்டிய பிறகு முதல் இரு நூற்றாண்டுகள்வரை அந்த மரத்தின் உறுதி கூடிக்கொண்டே போவதாகவும், அதன் பிறகே மெல்ல மெல்லக் குறைவதாகவும் கண்டறிந்தார். விறைப்பு கூடும்போது பிளக்கும் குணமும் கூடுகிறது என்பதும் அதே சோதனைகளில் தெரிந்தது. வைரம் பாய்ந்த மரம் என்று நாம் சொல்வதற்கு இப்படி அளந்து பார்த்த ஆதாரமும் இருப்பது மகிழ்ச்சியான விஷயம்.

மர வீடு எங்கே சாகிறது? பெரும்பாலும் பாதத்தில். தூணின் மேற்பகுதி நூறு வருஷம் ஆனாலும் கல்லாக நிற்கும்; தரையைத் தொடும் ஒரு சாண் மட்டும் ஈரம் ஏறி உளுத்துப்போகும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகவைக்கும் பூஞ்சை வளராது. ஆகவே தூணைக் கல்லின் மேல் நிறுத்தி, கூரையை நன்றாக வெளியே நீட்டி, மழை தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் பாதி ஆபத்து கழிந்தது. நம் திண்ணைத் தூண்களுக்கு அடியில் இருக்கும் கல் பீடமும், ஜப்பானியத் தூணின் கீழே இருக்கும் பாறையும் ஒரே வேலையைச் செய்கின்றன. கரையானுக்கும் மண்ணிலிருந்து நேர்வழி கிடைக்காது.

அப்படியும் பாதம் கெட்டுவிட்டால் நாம் தூணையே மாற்றுகிறோம், அல்லது கெட்ட இடத்தைச் சிமெண்டால் பூசி மூடுகிறோம். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். மீதித் தூணும் சேர்ந்து அழுகும். ஜப்பானில் செய்வது வேறு. உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துப் பாரத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். தூணின் கெட்ட பகுதியை மட்டும் அறுத்து எடுக்கிறார்கள். மிச்சத்தின் அடிமுனையைப் படிக்கட்டுபோல வெட்டி, அதே சாதி மரத்தில் அதற்கு எதிர்வெட்டு வெட்டிய புதுத் துண்டைப் பக்கவாட்டில் நுழைத்து, நடுவில் ஓர் ஆப்பு அடித்து இறுக்குகிறார்கள். தூணை அங்குலம்கூட உயர்த்த வேண்டியதில்லை. அடித்த ஆப்பு இரு துண்டுகளையும் நீளவாக்கில் ஒன்றை ஒன்று அழுத்தவைக்கிறது. பழைய தூணின் பெரும்பகுதி அப்படியே நிற்கும். சேர்த்த புது மரத்தின் மறைவான முகத்தில் பழுதுபார்த்த ஆண்டைச் சூடு போட்டுப் பதிக்கிறார்கள், பின்னால் வருகிறவர் எது பழையது எது புதியது என்று குழம்பக் கூடாது என்பதற்காக. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிரித்த மரத்தின் மறுபயன்பாட்டுக்கு ஜப்பானின் இஸே கோயிலைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். அங்கே இருபது ஆண்டுக்கு ஒருமுறை கோயிலைப் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரிப்பது வழக்கம். போர்க் காலங்களில் இடைவெளி விழுந்தாலும், 690-ல் தொடங்கிய வழக்கம் 2013-ல் 62-ஆவது முறையாக நடந்தது. பிரித்த மரம் எங்கே போகிறது? மோட்டு வளையைத் தாங்கி நின்ற பெருந்தூண்கள் கோயிலின் வாசலில் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரண வாயில்களாக மாறுகின்றன. அங்கே இருபது ஆண்டு நின்ற பிறகு, பழைய யாத்திரை வழியில் இருக்கும் குவானா, செக்கி என்ற ஊர்களில் மறுபடி வாயில்களாக நிற்கின்றன. ஒரே மரம் மூன்று இடங்களில் அறுபது ஆண்டு உழைக்கிறது. மற்ற மரம் நாடெங்கும் உள்ள சிறு கோயில்களுக்குப் போகிறது. இருபது ஆண்டு என்ற கணக்கிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு: முதல் முறை எடுபிடியாக வந்த பையன், அடுத்த முறை வேலை செய்கிற தச்சராகவும் அதற்கடுத்த முறை சொல்லிக்கொடுக்கிறவராகவும் வர முடிகிறது.

ஜப்பானில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். 2023-ல் எடுத்த கணக்கெடுப்பில் அங்கே ஆளில்லாமல் கிடக்கும் வீடுகள் 90 லட்சம். மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். கிராமங்கள் காலியாகின்றன, மர வீடுகள் மௌனமாகச் சரிகின்றன. தம்பா-சசாயாமா போன்ற ஊர்களில் பழைய வீடுகளை ஒவ்வொன்றாகச் சீர்செய்து, ஊரே ஒரு விடுதியாகும்படி அறைகளைப் பல வீடுகளில் பரப்பியிருக்கிறார்கள். கவாசாகி நகரில் 1967-ல் திறந்த மின்கா-என் தோட்டத்தில், வெவ்வேறு மாகாணங்களிலிருந்து பிரித்து வந்த குடியானவர் வீடுகள் நிற்கின்றன. ஸ்டாக்ஹோமில் 1891-லேயே திறந்த ஸ்கான்சென் இந்த வகைக்கெல்லாம் மூத்தது. முட்டுக்காடு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நம் பக்கத்துப் பெருந்துயரம் செட்டிநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், அங்கிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு கொண்டுவந்து வளவும் பட்டாலையுமான பெரிய வீடுகளை எழுப்பினார்கள். தேக்கின் உடம்பிலேயே டெக்டோகுயினோன் என்ற சேர்மமும் ஒருவகை ரப்பர்ப் பொருளும் ஊறியிருப்பதால் கரையானும் நீரும் அதை எளிதில் நெருங்குவதில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது அந்தச் செல்வத்தின் வேர் அறுந்தது. மரத்தைப் போற்றிய அதே நாட்டின் படைதான், இங்கே தேக்கு வீடுகள் ஆளின்றிப் போகவும் ஒரு காரணமானது என்பது வரலாற்றின் வேதனையான முடிச்சு. அதன் பிறகு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், பராமரிக்கப் பணம் இல்லாமல் போனது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்று தூணும் கதவும் உத்தரமும் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கின்றன. மும்பைக்கோ மாமல்லபுரத்து ரிசார்ட்டுக்கோ போகும் அந்தத் தூணுக்குத் தன் உத்தரம் எது என்று இனித் தெரியாது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சில வீடுகள் விடுதிகளாகி முழு உருவோடு பிழைத்திருப்பது ஆறுதல். கண்ணெதிரே விலைபோகும் தூணைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை. விற்றாலும் வரைபடத்தோடு, வரிசையோடு, ஒரே கைக்கு விற்க முடிந்தால் அந்த வீடு எங்கோ ஓரிடத்தில் மறுபடி நிற்கும்.

நின்ற இடத்திலேயே நிற்பதுதான் எப்போதும் மேல். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை அப்படி நிற்கிறது. 1601-ல் தொடங்கி, மார்த்தாண்டவர்மா காலத்தில் விரிந்தது; தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்து மரக் கூரையில் ஒன்றுபோல ஒன்று இல்லாத 90 பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சாய்ந்த மரச் சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவதை அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே உடம்பு உணரும்.

அரண்மனைக்குக் காவல் உண்டு, கூடுவாஞ்சேரி வீட்டுக்கு இல்லை. இடித்தே தீர வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்கள் ஒன்று செய்யலாம். ஓடு இறக்கும் முன் ஒவ்வொரு இணைப்பையும் செல்போனில் படம் எடுங்கள். தாளில் தரைப்படம் ஒன்று போட்டு, ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் எண் கொடுங்கள். சுண்ணக்கட்டி மழையில் கரைந்துவிடும். ஆயில் பெயிண்டால், மறைவான முகத்தில் எழுதுங்கள். மோட்டிலிருந்து தொடங்கி ஓட்டை இரு சரிவிலும் சமமாக இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பாரம் குறைந்தால் கூரை சாயும். மர ஆணியை எந்தப் பக்கம் ஒல்லியாக இருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து தட்ட வேண்டும். ஜேசிபியின் அரை நாள் வேலை இப்படிச் செய்தால் பல நாள் ஆகும், கூலியும் கூடும். ஆனால் ஒரு கன மீட்டர் உலர்ந்த தேக்கில் 300 கிலோவுக்கு மேல் கரி அடைந்திருக்கிறது. அதை எரிக்காமலும் மட்கவிடாமலும் வைத்தாலே ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்காது. புது மரத்துக்காக வெட்டப்படாமல் தப்பும் மரத்தின் கணக்கு தனி.

பிரிக்கவும் பூட்டவும் தெரிந்த கை இல்லாவிட்டால் எண்ணும் படமும் இருந்து பயனில்லை. ஜப்பான் 1975-ல் தன் சட்டத்தைத் திருத்தி, கட்டடங்களோடு அவற்றைப் பழுதுபார்க்கும் தொழில்நுணுக்கங்களையும் பாதுகாப்பில் சேர்த்தது. தச்சு, மரப்பட்டைக் கூரை வேய்தல், ஓடு பதித்தல், அரக்குப் பூச்சு என 17 நுணுக்கங்களை யுனெஸ்கோ 2020-ல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றது. இங்கே குடுமியும் துளையும் தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது மாடுலர் கிச்சனுக்குப் பிளைவுட் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1957-ல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி மாமல்லபுரத்தில் இருக்கிறது. முட்டுக்காட்டு வீடுகள் அதே கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. மர வீட்டைப் பழுதுபார்க்க ஓராண்டுப் படிப்பு ஒன்றை அந்தக் கல்லூரியில் தொடங்கி, அந்த ஆசாரிகளையே ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். உப்புக்காற்றில் நிற்கும் மர வீடுகளுக்கு வருஷா வருஷம் வேலை இருக்கவே செய்யும். கற்க வருகிறவர் கையில் முதல் வாரத்திலேயே உளியைக் கொடுத்துவிடலாம்.